பழைய உழவு மெசின்களின் மின்கோளாறுகள்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு பார்வை

டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. பம்ப் டீசலைத் தள்ளும், அமுக்கத்தின் சூட்டில் அது தானே பற்றும், நிறுத்துவதற்கும் ஒரு கம்பியை இழுத்தால் போதும். மெசி பெர்குசன் 35, 135 போன்ற உழவு மெசின்கள் நம்முடைய வட்டைகளில் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த எளிமை பெரிய காரணம். அவற்றின் வயர்கள் இன்று கிடக்கும் கோலத்துக்கும் அதுவேதான் காரணம். பெட்டரி செத்தால் நாலு பேர் சேர்ந்து தள்ளலாம், அல்லது இன்னொரு மெசினில் கட்டி இழுக்கலாம். டைனமோ நின்றால் யாருக்கும் தெரியாது. லைட் எரியாததால் பகல் உழவு நிற்பதில்லை. இப்படி ஒவ்வொரு போகமாகத் தள்ளிப்போட்ட பழுதெல்லாம் சேர்ந்து, விதைப்புக் காலத்தின் ஒரு மழைக் காலையிலோ, நெல்லேற்றிக்கொண்டு திரும்பும் ஓர் இரவிலோ முன்னால் வந்து நிற்கும்.

இந்தக் கரையின் அமைப்பே மெசின்களுக்குக் கடினமானது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் ஊர்களில் குடியிருப்பு கடலோரமாக நெருங்கிக் கிடக்கிறது, வயல் மேற்கே. பகலில் மெசின் சேற்றுக்குள் நிற்கிறது, இரவில் கடற்காற்று அடிக்கும் வளவில் நிற்கிறது. சேற்றின் ஈரத்தையும் காற்றின் உப்பையும் மாறி மாறி வாங்கும் செம்பும் இரும்பும் ஈயமும் உள்நாட்டு மெசினை விட வேகமாக அரிபடும். இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி ஓர் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். செம்பு வயர், பித்தளை முனை, ‘பொடி’ என்று நாம் சொல்லும் மெசினின் இரும்பு உடல் எல்லாம் சந்திக்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் இது நடக்கிறது.

மெசின்கள் இங்கே பெருகியது நீர்ப்பாசனத்தின் கதையோடு சேர்ந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் இங்கினியாகலையில் எழுந்த சேனாநாயக்க சமுத்திரமும் சிறுபோகத்துக்கும் தண்ணீரை உறுதிசெய்தபோது எருமையும் மாடும் மட்டும் கொண்டு நிலத்தைத் தயார்செய்வது போதாமல் போனது. இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 1946 முதல் தயாரான சாம்பல் நிற பெர்குசன், பிறகு 35, 1964இல் அறிமுகமான 135, அதன் பின் சென்னையின் டாஃபே நிறுவனத்தின் மெசின்கள், இவற்றோடு நாம் லேண்ட் மாஸ்டர் என்றே அழைக்கும் இருசில்லு மெசின்கள் என வரிசையாக வந்தன. களவெட்டியில் இரவிரவாகச் சூடடித்ததும் மெசின்தான். வெட்டு மெசின் வந்து அந்த வேலையை வாங்கிக்கொண்ட பின்னரும் பழையவை ஓயவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தாண்டி 2025இல்தான் அது மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனத்தின் பெறுமதி ஏறியது. ஒதுக்கிப்போட்டவையும் கராஜுக்கு வந்தன.

வந்தவற்றுக்கு நடக்கும் வைத்தியத்தில்தான் எனக்குக் குறை இருக்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பெட்டரி மாறும். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டர் கழன்று போகும். பிறகு கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய அல்டனேட்டர் ஒன்று வரும். இவ்வளவுக்கும் பிறகு கோளாறு எர்த் கம்பியின் ஒற்றை போல்ட்டில் இருந்தது தெரியவரும். பழைய வாகனத்தின் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை பொருட்களுக்குள் இருப்பதில்லை, பொருளும் பொருளும் சேரும் இடங்களில் இருக்கின்றன. அளந்து பார்க்காமல் பொருளை மாற்றும் பழக்கம் விவசாயியின் காசைத்தான் தின்கிறது.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டரியின் ஒரு முனை வயராக ஓடுகிறது. மறுமுனைக்கு எஞ்சினும் பொடியுமே பாதை. போன கரண்ட் அதே அளவில் திரும்பியாக வேண்டும். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தப் பாதையில் எங்காவது நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே காணாமல் போகும். பெட்டரி முழுதாக இருந்தும் மோட்டர் சோம்பலாகச் சுற்றும். மேல்மடையில் தண்ணீர் தளும்பி நிற்க, இடையில் மண் விழுந்த வாய்க்கால் கடைமடை வயலைக் காயவைப்பதற்கு ஒப்பானது இது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தேடினால் இந்தத் தடை அகப்படாது, அவ்வளவு சிறியது. டெஸ்டர் பல்பும் ஏமாற்றும். கால் ஆம்பியர் இழுக்கும் பல்புக்கு அந்தப் பாதை தாராளம்.

அகப்படுத்தும் வழி ஒன்று உண்டு, அதற்குச் செலவில்லை. எஞ்சின் பற்றாதபடி நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். சுற்றும்போதே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெட்டரியின் ஈயக் கட்டையிலும் மறுமுனையைச் சுரண்டித் துப்புரவாக்கிய எஞ்சின் இரும்பிலும் பிடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் பழுது. இப்போது அடி அடியாக நகர்த்தலாம்: கட்டைக்கும் கிளிப்புக்கும் இடையில், கிளிப்புக்கும் கம்பிக்கும் இடையில், கம்பியின் மறுமுனைக்கும் பொடிக்கும் இடையில். எங்கே வோல்ட் ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. மற்றப் பக்கத்தில், பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை போகும் தடித்த கேபிளையும் சொலனொய்டையும் இதே முறையில் பார்க்கலாம். எதையும் கழற்றவோ வாங்கவோ தேவையில்லை.

அப்படிக் கண்டுபிடித்த ஓர் இடத்தைக் கழற்றிப் பார்த்தால் படிப்பினை கண்முன்னே இருக்கும். வெளியிலிருந்து பார்க்க இறுக்கமான, புதுப் பெயின்ட் அடித்த போல்ட். அவிழ்த்தால் முனைத் தட்டுக்கு அடியில் பழைய சாம்பல் பெயின்ட் ஒரு படை, அதன் மேல் துரு, ஓரத்தில் பச்சை பூத்த செம்பு. கரண்ட் இத்தனை காலமும் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும். நாலு அங்குலம் உறையைக் கீறினால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, மடித்தால் பொடியாக உதிர்கின்றன. அந்த இடத்தில் சாலிட்டர் வைத்தாலும் பிடிக்காது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி எறிய வேண்டும், நீளம் போதாவிட்டால் புதுக் கம்பி போட வேண்டும். பொடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கி, இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூச வேண்டும். பெயின்ட் கடைசி வேலை.

பெட்டரியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் எண்களை வைத்துப் பேசுவது குறைவு. எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு அருகில் நிற்க வேண்டும், 9.6க்குக் கீழே விழுந்தால் பெட்டரியைச் சந்தேகிக்கலாம். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் வாரக்கணக்கில் மெசின் சும்மா நிற்கும்போது பெட்டரி தானாக இறங்குகிறது, நம்முடைய வெக்கையில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவது, புதுப் பெட்டரி வாங்குவதை விட எவ்வளவோ மலிவு. தண்ணீர் குறைந்தால் வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கரையோரக் கிணற்று நீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். முனைகளில் வெள்ளையாகப் பூத்திருப்பதை அப்பச்சோடாக் கரைசலால் கழுவலாம், கரைசல் துளை மூடிகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்டார்ட்டர் விறுவிறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை, புகையும் வரவில்லை என்றால் அது மின்சாரத்தின் குற்றமே இல்லை. டீசல் பாதையில் காற்றுப் புகுந்திருக்கும். குளிர் நாட்டுக்காக வைத்த சூடாக்கும் சுருளை இந்தக் கரையில் யாரும் குறை சொல்லவும் தேவையில்லை.

சுற்றவே மறுக்கும்போது நடக்கும் ஒன்று ஆளைக் கொல்லக்கூடியது. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் வேலை செய்யாதபடி இந்த மெசின்களில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. 35இல் லீவரை எஸ் என்ற குறிக்குக் கொண்டுபோனால்தான் சுற்றும். அந்த சுவிட்ச் பழுதானதும் அதை நேரே இணைத்துவிடுகிறார்கள். அல்லது தரையில் நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் சொலனொய்டின் இரண்டு போல்ட்டையும் தொடுத்துவிடுகிறார்கள். கியர் விழுந்திருந்தால் டீசல் எஞ்சின் அந்தக் கணமே பற்றி நகரும். நிற்பவர் நிற்கும் இடமோ பின்சில்லுக்கு நேர் முன்னால். உலகம் முழுவதும் மெசின் ஏறி மனிதர் சாகும் வழிகளில் இது நன்கு அறியப்பட்ட ஒன்று. ஒரு சிறு சுவிட்ச்சை மாற்றிப் போடுவதை விட்டு இந்த வேலையைப் பையன்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் எந்த கராஜ் பாஸும் தன் தொழிலுக்குத் துரோகம் செய்கிறார் என்றே சொல்வேன்.

இனி சார்ஜ் ஆகாத கோளாறு. பழைய லூகாஸ் டைனமோ அதிகபட்சம் 20, 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது. சும்மா ஓடவிட்டால் டைனமோவைப் பெட்டரியோடு இணைக்கும் கட்அவுட் திறந்துகொள்ளும், எதுவும் ஏறாது. 45 வாட் ஹெட்லைட் இரண்டு ஏழரை ஆம்பியர் எடுக்கும். அதோடு நிறுத்தினால் டைனமோ சமாளிக்கும். இரவு வேலைக்கென்று 100 வாட் ஹலோஜன் இரண்டைச் சேர்த்தால் இன்னும் 16 ஆம்பியருக்கு மேல். கணக்கு அங்கேயே உதைக்கிறது. இப்படி நாளுக்கு நாள் இறங்கும் பெட்டரியைத்தான் ‘டைனமோ பழுது’ என்று கொண்டுவருகிறார்கள்.

டைனமோவையே சோதிக்க வேண்டுமானால் டி, எஃப் என்ற இரண்டு முனைகளின் வயரையும் கழற்றி, முனைகளைத் தமக்குள் இணைத்து, மல்டிமீட்டரை அங்கும் பொடியிலும் வைத்து எஞ்சினை மெதுவாக ஏற்றலாம். வோல்ட் சீராக 14, 15ஐத் தாண்டி ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு ரெகுலேட்டரிலோ வயரிலோ. 20க்கு மேல் போக விடக் கூடாது. இணைப்பை எடுத்துவிட்டு டியில் மட்டும் பார்த்தால் ஒன்றரை முதல் நாலு வோல்ட் வரை காட்ட வேண்டும். இது இருந்து முன்னது இல்லையென்றால் ஃபீல்ட் சுருளில் கோளாறு. இரண்டும் இல்லையென்றால் காபன் தேய்ந்திருக்கும், அல்லது கொமியூட்டேட்டர் அழுக்கு.

டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பான் காரின் அல்டனேட்டரைப் பொருத்துவதை நான் எதிர்க்கவில்லை. குறைந்த வேகத்திலும் அது சார்ஜ் செய்யும். ஆனால் டைனமோக் காலத்துப் பழக்கம் ஒன்றை அதோடு கொண்டுபோகக் கூடாது: எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பது. பெட்டரி விலகிய கணத்தில் வோல்ட் எகிறி அல்டனேட்டரின் டயோடும் உள்ளிருக்கும் ரெகுலேட்டரும் எரியும். சார்ஜைப் பார்க்க மல்டிமீட்டர் போதும், பெட்டரியில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் சரி. டாஷ்போட்டில் எரியும் சிவப்பு பல்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. பல வகைகளில் அந்த பல்பின் வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் அல்டனேட்டரை எழுப்புகிறது. பல்ப் எரிந்துபோனாலோ அந்த இடத்தில் எல்இடி போட்டாலோ நல்ல அல்டனேட்டரும் சார்ஜ் செய்யாமல் இருக்கும்.

மாற்றும்போது இன்னொரு பொறி. சாம்பல் பெர்குசன், மொரிஸ் மைனர், அந்தக் கால ஒஸ்டின் போன்றவற்றில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியில் இருந்தது. இன்றைய அல்டனேட்டரும் ரேடியோவும் எல்இடியும் மைனஸ் எர்த்துக்கானவை. கவனிக்காமல் இணைத்தால் டயோட் உடனே போகும். முனையை மாற்றினால் ஸ்டார்ட்டர் திசை மாறிச் சுற்றுமோ என்று பலர் பயப்படுகிறார்கள்; சுருள் கொண்ட பழைய ஸ்டார்ட்டர் எப்படி இணைத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும். டைனமோவை வைத்துக்கொண்டே முனையை மாற்றினால், புதிய முனைக்கு ஏற்ப அதன் காந்தத்தைத் திருப்ப வேண்டும்: எஃப் வயரைக் கழற்றி, பெட்டரியின் பொடியில் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையை ஒரு கணம் தொட்டு எடுப்பது.

வயர் நிறங்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் வாகனங்களில் கறுப்பு எர்த், மண்ணிறம் பெட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர்பெறுவது, பச்சை அதே பாதை பியூஸ் தாண்டியது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைட் லைட். டொயோட்டாவிலோ வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர்தான் எர்த். ஒரு மெசினில் இரண்டு நாட்டு வயரும் கலந்திருக்கையில் நிறத்தை நம்பி இணைப்பது ஆபத்து. பியூஸிலும் இதே குழப்பம். லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று அச்சிட்டிருப்பது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதன் பாதிதான். அந்த இடத்தில் புதுவகை 30 ஆம்பியர் பியூஸைப் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும். சிகரெட் ஈயத்தாளைச் சுற்றுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நெல் மூட்டைக்கு வரும் எலி வயர் உறையையும் கடிக்கும் என்பதையும் போகம் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் சேர்க்கலாம்.

2004 டிசம்பர் 26 கடல்கோள் இலங்கையிலேயே அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். அன்று கடல் நீரில் மூழ்கிய வாகனங்கள் நமக்கு ஒரு பாடத்தைத் தந்தன. இழைகளாகப் பின்னிய செம்பு வயர், வெட்டு முனையிலிருந்து உப்பு நீரை உறைக்குள் வெகுதூரம் உறிஞ்சிக்கொள்ளும். கழுவிக் காயவைத்து ஓட்டிய வாகனம் பிறகொரு நாள் காரணமில்லாமல் நிற்பது இதனால்தான். உப்பு நீர் குடித்த வயர்க்கட்டை ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை, முழுதாக மாற்றுவதே வழி.

பெற்றோல் கார்களை விரைவாகக் கடந்துவிடலாம். பொறி இல்லாமல் அவை ஓடமாட்டா என்பதால் சொந்தக்காரர் வயரைக் கவனித்தே ஆக வேண்டும். மொரிஸ் மைனரின் பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், கன்டன்சர், ஈரம் படிந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இந்த மூன்றும் பெரும்பாலான கோளாறுகளைச் சொல்லிவிடும். அதேபோல, கையால் சுற்றும் லேண்ட் மாஸ்டர்கள் பலவற்றில் பெட்டரியே இல்லை. அவற்றில் லைட் மங்கினால் பல்ப் ஹோல்டரையும் எர்த்தையும் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் அறிந்த கைகள் குறைந்து வருகின்றன. கராஜில் வளர்ந்த பிள்ளைகள் பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். இங்கே படிப்பவர்கள் ஸ்கேனரைச் செருகிப் பழுதின் எண்ணைப் படிக்கும் புது வாகனங்களைப் படிக்கிறார்கள். செருக இடமே இல்லாத மெசினுக்கு முன்னால் அவர்கள் தயங்குவது அவர்களின் தவறில்லை. அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களின் பாடத்தில், சுமை இருக்கும்போது வோல்ட் இழப்பை அளப்பதற்கு ஒரு நாள் ஒதுக்கினாலே பழையதுக்கும் புதியதுக்கும் அது உதவும். சென்சர்கள் நிறைந்த புது வாகனமும் கெட்டுப்போன எர்த்துக்கு முன்னால் பொய்தான் சொல்லும்.

கடைசியாக லைட். இதை நான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக எண்ணுகிறேன், ஏனென்றால் இங்கே பழுதின் விலையைக் கொடுப்பவர் மெசின்காரர் மட்டுமல்ல. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை ஊடாகப் போகும் பிரதான வீதியில் மஃரிபுக்குப் பிறகு நெல்லோ மணலோ விறகோ ஏற்றி மெசின் இழுக்கும் பெட்டி, பின்னால் ஒரு வெளிச்சமும் இல்லாமல் ஊர்ந்து போகிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரியும்போது தூரம் போதாது. பெட்டியில் மனிதரும் போகிறார்கள். 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளி வெள்ளம் இழுத்துச் சென்ற உழவு மெசினில் இருந்தவர்களில் பலர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள். அந்தத் துயரத்துக்குக் காரணம் வெள்ளம், மின்கோளாறு அல்ல. ஆனால் இந்தப் பெட்டி எதையெல்லாம் சுமக்கிறது என்பதை அது எல்லாருக்கும் காட்டியது.

பெட்டி லைட் எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. எர்த் தனிக் கம்பியில் வருவதில்லை. கொழுவும் இரும்பு ஊசி வழியாக வருகிறது. ஊசியோ கிரீஸும் துருவும் பூசியது, ஒவ்வொரு குலுக்கலிலும் தொடுப்பு விலகும். பிரேக் போட்டால் டெயில் லைட் மங்கும், சிக்னல் போட்டால் மற்ற பல்பும் சேர்ந்து மினுங்கும். திரும்ப வழி கிடைக்காத கரண்ட் இன்னொரு பல்பின் இழை வழியாகப் பாதை தேடுவதன் அடையாளம் இது. ஏழு ஊசிப் பிளக்கில் மூன்றாம் ஊசி எர்த்துக்கென்றே இருக்கிறது. அதிலிருந்து ஒரு தனி வயர் ஒவ்வொரு லைட்டுக்கும் போக வேண்டும். பெட்டிக்கான தரத்தில் அந்த எர்த் வயர் வெள்ளை, மெசின் பக்கத்தில் வெள்ளை என்பது சாவியில் உயிர்பெறும் வயர். நிறம் பார்த்து இரண்டையும் சேர்த்தால் சாவி போட்டதும் ஷோட் ஆகும்.

சிக்னலுக்கு எல்இடி போட்டால் பழைய பிளாஷர் மினுங்காது அல்லது படபடக்கும். இரண்டு 21 வாட் பல்பின் சுமையை எதிர்பார்த்துச் செய்தது அது. எல்இடிக்கான பிளாஷரையும் சேர்த்தே வாங்க வேண்டும். டெயில் லைட்டுக்கு எல்இடி மிகவும் நல்லது: கரண்ட் குறைவு, குலுக்கலில் இழை அறுவதில்லை, டைனமோவுக்கும் சுமையில்லை. வாங்கும்போது நீர் புகாத வகையைப் பார்த்து, வயர் இணைப்பைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் விடாமல் உயரத்தில் வைத்து மூட வேண்டும். இத்தனையும் செய்யும்வரை, மின்சாரமே வேண்டாத சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டைப் பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் இன்றே அடிக்கலாம். வட்டையிலிருந்து வீதிக்கு ஏறுமுன் அவற்றின் சேற்றைத் துடைக்க வேண்டும்.